அடாஸ் வந்த பிறகு நீங்கள் ஓட்டும் விதம் மாறிவிட்டதா?

#1 சாலைப்பறவை

போன வாரம் நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும்.

என் கார் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. முன் வண்டிக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் அடாப்டிவ் க்ரூஸ், வண்டியைத் தடத்தின் நடுவில் வைத்திருக்கும் லேன் சென்ட்டரிங், கண்ணாடியில் தெரியாத இடத்தில் வண்டி வந்தால் எரியும் பிளைண்ட் ஸ்பாட் விளக்கு, தானியங்கி அவசர பிரேக் என்று அடாஸ் எனப்படும் ஓட்டுநர் உதவி வசதிகள் எல்லாம் உண்டு. அது சர்வீசுக்குப் போயிருந்ததால் தம்பியின் பழைய காரை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அதில் இவை எதுவும் கிடையாது. நான்கு வழிச் சாலையில் மெதுவாகப் போன ஒரு வேனைத் தாண்டுவதற்காக இண்டிகேட்டர் போட்டேன், பக்கக் கண்ணாடியைப் பார்த்தேன், ஸ்டீயரிங்கைத் திருப்பினேன். காதைப் பிளக்கும் ஹார்ன். கதவை ஒட்டினாற்போல் ஒரு மோட்டார் சைக்கிள். ஓட்டி வந்தவர் பிரேக் போட்டு ஒதுங்கியதால் இருவரும் தப்பித்தோம்.

வண்டியை ஓரம் கட்டி உட்கார்ந்து யோசித்தேன். கண்ணாடியைப் பார்த்தது நிச்சயம். ஆனால் அதில் சாலையைப் பார்க்கவில்லை. என் காரில் ஆரஞ்சு விளக்கு எரியும் மூலையை மட்டும் பார்த்திருக்கிறேன். விளக்கு எரியவில்லை, திருப்பிவிட்டேன். தம்பி காரில் அந்த விளக்கே இல்லை என்பது அப்போது நினைவில் வரவில்லை.

19 வருடமாக ஓட்டுகிறேன். கழுத்தைத் திருப்பித் தோளுக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பது எனக்கு யோசிக்காமலே வரும் பழக்கம். 18 மாதத்தில் அது போய்விட்டது. போனதுகூடத் தெரியாமல் போய்விட்டது, அதுதான் என்னை உறங்கவிடவில்லை.

இந்த வசதிகள் நல்லவையா கெட்டவையா என்று நான் கேட்கவில்லை. உங்களிடம் என்ன மாறியது? உண்மையைச் சொல்லுங்கள்.

#2 ஐந்தாம்கியர்

எனக்கு ரிவர்ஸ் கேமரா. பின்னால் எடுக்கும்போது திரையை மட்டுமே பார்க்கிறேன் என்று மனைவி சொல்லித்தான் தெரிந்தது. கேமரா நேர் பின்பக்கத்தைக் காட்டும், பக்கவாட்டிலிருந்து ஓடி வரும் குழந்தையைக் கடைசி நேரத்தில்தான் காட்டும். அதைவிட, பின்னால் எடுக்கும்போது வண்டியின் முன்மூக்கு எந்தப் பக்கம் வீசுகிறது என்பதையே மறந்துவிடுகிறோம். முன் பம்பரில் இரண்டு கீறல் வாங்கியிருக்கிறேன், இரண்டும் ரிவர்ஸில் வாங்கியவை.

#3 பழைய ஸ்டீயரிங்

நான் லாரி ஓட்டுகிறவன். 31 வருடம். கடந்த மூன்று வருடமாகப் புது வண்டி. முன் வண்டியைப் பார்த்துத் தானே வேகம் குறைக்கும், தானே ஏறும்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் வலி பாதி குறைந்தது. பத்து மணி நேரம் ஆக்சிலரேட்டரில் பாதத்தை அழுத்திப் பிடித்தவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

ஆனால் இரவு இரண்டு மணிக்கு மேல் ஒரு மாற்றத்தைக் கவனித்தேன். முன்பெல்லாம் தூக்கம் வருவதைக் கால் எனக்குச் சொல்லிவிடும். வேகம் தன்னால் குறையும், அல்லது பெடலை விட்டுவிட்டுச் சட்டென்று மிதிப்பேன். சரி, நிறுத்த வேண்டிய நேரம் என்று புரிந்துகொள்வேன். இப்போது வேகம் அப்படியே நிற்கிறது, வண்டி அழகாகப் போகிறது, எனக்குத் தூக்கம் வந்துவிட்டதைக் காட்டும் அடையாளம் எதுவும் இல்லை. ஒரு தடவை கிலோமீட்டர் கல்லைப் பார்த்தபோது, நடுவில் ஏழெட்டுக் கிலோமீட்டர் எப்படி வந்தேன் என்று நினைவே இல்லை. அன்றிலிருந்து நள்ளிரவு தாண்டினால் க்ரூஸ் போடுவதில்லை. கால் வலித்தாலும் பரவாயில்லை.

#4 ரேடார்க்காரன்

வண்டி சென்சார்களை அளவு பார்த்துச் சரிசெய்யும் வேலையில் எட்டு வருடம் இருந்தேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் எல்லாவற்றையும் 'அடாஸ்' என்று ஒரே பெயரில் சொல்கிறோம். ஓட்டுகிறவர் மேல் அவை செய்யும் வேலையைப் பார்த்தால் உள்ளே இரண்டு வகை இருக்கிறது. ஒரு வகை, ஆபத்து வரும்வரை இருப்பதே தெரியாது. அவசர பிரேக், வண்டி சறுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்சி இரண்டும் அப்படி. இருக்கிறதா இல்லையா என்று பலருக்குத் தெரியாமலே வருடக்கணக்கில் ஓட்டுவார்கள். இன்னொரு வகை, நொடிக்கு நொடி கூடவே வேலை செய்யும்: அடாப்டிவ் க்ரூஸ், லேன் சென்ட்டரிங், பிளைண்ட் ஸ்பாட் விளக்கு, பார்க்கிங் சென்சார். இவை இருப்பது கைக்கும் கண்ணுக்கும் தெரிந்துகொண்டே இருக்கும்.

என் அனுபவத்தில், கூடவே இருந்து உதவுவதைத்தான் உடம்பு கணக்கில் எடுத்துக்கொண்டு தன் பங்கைக் குறைக்கிறது. எப்போதோ ஒருமுறை வரும் உதவியை அது எண்ணிக்கையில் சேர்ப்பதில்லை.

இது புதுச் செய்தி இல்லை. 1980களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஒரே நிறுவனத்து டாக்சிகளில் ஒரு பகுதிக்கு, சக்கரம் இறுகிப் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் இருந்தது, மற்றவற்றுக்கு இல்லை. சில வருடம் விபத்துகளை எண்ணிப் பார்த்தார்கள். இரண்டு பிரிவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அப்புறம் சாதாரணப் பயணி போல ஆட்களை ஏற்றி ஓட்டும் விதத்தைக் குறித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். ஏபிஎஸ் இருந்த வண்டிக்காரர்கள் வளைவை இறுக்கமாக எடுத்தார்கள், முன் வண்டிக்கு நெருக்கமாகப் போனார்கள். பிரேக் பிடிக்கும் என்ற தைரியத்தை வேகமாகப் போவதற்குச் செலவழித்துவிட்டார்கள். ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடல் காலுக்கடியில் துடிக்கும், அதனால் அது இருப்பது அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

சாலைப்பறவை சொல்லும் ஆரஞ்சு விளக்கும் இந்த வகைதான்.

#5 மருதன்

படிக்கிறவர்கள் பயந்துபோய் எல்லாவற்றையும் அணைத்துவிடப் போகிறார்கள், அதனால் மறுபக்கத்தைச் சொல்லியாக வேண்டும்.

அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஐஐஎச்எஸ் என்ற அமைப்பு, காவல்துறையில் பதிவான விபத்துகளை வைத்துக் கணக்குப் பார்த்திருக்கிறது. முன்பக்க எச்சரிக்கை மட்டும் இருந்தால் முன் வண்டியின் பின்னால் மோதும் விபத்து 27 சதவீதம் குறைகிறது. தானியங்கி பிரேக்கும் சேர்ந்தால் 50 சதவீதம். ரிவர்ஸ் கேமரா, சென்சாரோடு தானியங்கி ரிவர்ஸ் பிரேக்கும் இருந்தால், பின்னால் எடுக்கும்போது நடக்கும் விபத்து 78 சதவீதம் குறைகிறது. பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கை தடம் மாறும் விபத்தை 14 சதவீதம் குறைக்கிறது. ஈஎஸ்சி வந்த பிறகு, தனி வண்டி கவிழ்ந்தோ மோதியோ ஆள் இறக்கும் விபத்து ஏறக்குறையப் பாதியானது.

மனிதர்கள் கொஞ்சம் அசட்டையாகிவிட்ட பிறகும் வந்த எண்கள் இவை. ஏழு மாதத்துக்கு முன் என் மாமாவின் கார், சட்டென்று நின்ற ஒரு வண்டிக்கு அரை மீட்டர் முன்னால் தானே நின்றது. அவர் காலை இன்னும் பிரேக்குக்குக் கொண்டு போகவேயில்லை. பழக்கம் மாறினால் மாறட்டும், விபத்து குறைகிறதா இல்லையா?

#6 சாலைப்பறவை

மருதன், உங்கள் எண்களை மறுக்கவில்லை. என் காரை விற்கப் போவதும் இல்லை.

ஒரு சந்தேகம். அன்று அந்த மோட்டார் சைக்கிள்காரர் என் மேல் மோதியிருந்தால் அது எந்தக் கணக்கில் சேர்ந்திருக்கும்? வசதி இல்லாத காரில் நடந்த விபத்தாகத்தானே பதிவாகும்? "பார்த்தீர்களா, பழைய கார் ஓட்டினால் இப்படித்தான்" என்று அந்த எண் வசதிக்கு ஆதரவாகவே போயிருக்கும். அந்தத் தவறை என் புதுக் கார்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. ஒரே வீட்டில் இரண்டு விதமான கார் வைத்திருப்பவர்கள், அடிக்கடி வாடகைக் கார் எடுப்பவர்கள் எல்லோருக்கும் இந்தச் சிக்கல் வரும்.

#7 ரேடார்க்காரன்

சாலைப்பறவையின் கேள்வி சரியான கேள்வி. மருதனின் எண்களும் சரிதான். ஆனால் அவற்றைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். பெரிய எண்கள் எல்லாம் கடைசி நொடியில் தலையிடும் வசதிகளுக்கு உரியவை. கூடவே இருந்து உதவும் பிளைண்ட் ஸ்பாட் எச்சரிக்கைக்கு 14தான். வேகத்தையும் ஸ்டீயரிங்கையும் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் பகுதித் தானியங்கி ஓட்டத்துக்கு, அவசர பிரேக் தரும் பயனுக்கு மேல் விபத்து குறைந்ததாகத் தெளிவான தடயம் கிடைக்கவில்லை என்று அதே ஐஐஎச்எஸ் 2024ல் சொன்னது. அதைப் பாதுகாப்பு வசதியாகப் பார்க்காமல் சௌகரிய வசதியாகப் பாருங்கள் என்பதே அவர்கள் நிலை.

அவர்களும் எம்ஐடி பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்த ஒரு சோதனை உண்டு. 20 பேரிடம் ஒரு மாதம் கார் கொடுத்தார்கள். புதிதில் எல்லோரும் ஒழுங்காகக் கையை வைத்துக்கொண்டு ஓட்டினார்கள். மாதக் கடைசியில், லேன் சென்ட்டரிங் உள்ள காரை ஓட்டியவர்கள் அதைப் போட்டிருக்கும்போது இரண்டு கையையும் ஸ்டீயரிங்கிலிருந்து எடுப்பது ஆரம்பத்தில் இருந்ததைவிட 12 மடங்கு ஆகியிருந்தது. வேகத்திலும் இது தெரிகிறது. அடாப்டிவ் க்ரூஸோ லேன் சென்ட்டரிங்கோ போட்டிருக்கும்போது விரைவுச் சாலையில் வேக வரம்பைத் தாண்டுவதற்கான வாய்ப்பு 24 சதவீதம் அதிகம் என்பது இன்னொரு ஆய்வு. காரணம் எளிது. எண்ணை நாமே மேலே ஏற்றி வைத்துவிடுகிறோம், அப்புறம் குறைக்க யாருக்கும் தோன்றுவதில்லை.

புதிதாக ஓட்டுகிறவர்தான் ஆபத்தானவர் என்று நினைக்கிறோம். இந்த விஷயத்தில் தலைகீழ். புதியவர் நம்பாமல் பார்த்துக்கொண்டே இருப்பார். மூன்றாம் மாதத்து ஆள் போனை எடுப்பார்.

இதற்கு ஓட்டுகிறவர்களைத் திட்டிப் பயனில்லை. இரண்டாம் உலகப் போரில் ரேடார் திரையை மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் புள்ளிகளைத் தவறவிட்டதால், மேக்வொர்த் என்ற உளவியலாளர் ஒரு கடிகாரச் சோதனை செய்தார். முள் எப்போதாவது இரண்டு படி தாவும், அதைக் கண்டதும் சொல்ல வேண்டும். அரை மணி நேரத்திலேயே கவனம் விழுந்தது. 1948லேயே எழுதி வைத்துவிட்டார். 1983ல் பெயின்பிரிட்ஜ் என்ற ஆய்வாளர் தொழிற்சாலைகளைப் பற்றி எழுதியது இன்றைய காருக்கு அப்படியே பொருந்தும்: எளிய வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது, சும்மா கண்காணிக்கும் வேலையும் திடீர் நெருக்கடியும் மனிதனுக்கு மிஞ்சுகின்றன. அந்த நெருக்கடிக்குத் தேவையான கைப்பழக்கமோ பயன்படுத்தாமல் மங்கிக்கொண்டிருக்கிறது.

கண்காணிப்பதையே சம்பள வேலையாகச் செய்தவருக்கும் இது நடந்திருக்கிறது. 2018 மார்ச்சில் அமெரிக்காவின் டெம்பி நகரில், சோதனை ஓட்டத்தில் இருந்த ஒரு தானியங்கிக் கார், சாலையைக் கடந்த பெண் மேல் மோதி அவர் இறந்தார். ரேடார் அவரை 5.6 நொடிக்கு முன்பே கண்டுவிட்டது. ஆனால் மென்பொருளால் அவர் யார், எங்கே போகிறார் என்று முடிவு செய்ய முடியவில்லை. கண்காணிக்க அமர்த்தப்பட்டவரின் கண் அந்த நேரத்தில் போனில் இருந்தது என்பது விசாரணையில் தெரிந்தது.

#8 புதுலைசன்ஸ்

நான் லைசன்ஸ் வாங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. வீட்டில் இருப்பது எல்லா வசதியும் உள்ள கார். அப்பா "எல்லாவற்றையும் ஆஃப் பண்ணிவிட்டு ஓட்டு" என்கிறார். அண்ணன் "இருக்கிற பாதுகாப்பை ஏன் விட வேண்டும்" என்கிறார். இங்கே படித்த பிறகு இன்னும் குழப்பமாக இருக்கிறது. எனக்கு இழப்பதற்குப் பழைய பழக்கம் எதுவும் இல்லையே. நான் என்ன செய்ய வேண்டும்?

#9 தேன்மொழி

புதுலைசன்ஸ், உங்களுக்காகவே எழுதுகிறேன். 14 வருடமாக ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன்.

அப்பா சொல்வது பாதி சரி, அண்ணன் சொல்வதும் பாதி சரி. அவசர பிரேக், ஈஎஸ்சி இரண்டையும் ஒருநாளும் அணைக்காதீர்கள். அவை உங்கள் கற்றலில் குறுக்கே வருவதில்லை. அடாப்டிவ் க்ரூஸையும் லேன் சென்ட்டரிங்கையும் முதல் ஆறு மாதம் தொடாதீர்கள். என் கணக்கில் ஆறு மாதம். சிலருக்கு இன்னும் அதிகம் தேவைப்படும்.

ஏன் என்றால், ஓட்டுவதில் பெரும்பகுதி கண்ணில் நடக்கும் அளவீடு. முன் வண்டி பெரிதாகிக்கொண்டே வருகிறதா, எவ்வளவு வேகமாகப் பெரிதாகிறது, நான் இப்போது காலை எடுத்தால் போதுமா பிரேக் வேண்டுமா? இந்தக் கணக்கைச் சில ஆயிரம் தடவை கண்ணும் காலும் சேர்ந்து செய்தால்தான் உள்ளே பதியும். க்ரூஸ் போட்டுவிட்டால் கண் பார்க்கும், கால் பதில் சொல்லாது. பதியாது. வசதியான காரிலேயே கற்றுக்கொண்டு என்னிடம் வந்த ஒரு மாணவர் மிக நேர்த்தியாக ஓட்டினார். சாதாரணக் காரில் உட்கார வைத்ததும் மணிக்கு 80ல் முன் வண்டிக்கு இருபது மீட்டர் பின்னால் போனார். "இது பக்கமாகத் தெரியவில்லையா" என்று கேட்டேன். "என் காரில் இவ்வளவுதான் இருக்கும்" என்றார். க்ரூஸில் முன் வண்டிக்கு எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்பதைக் கோடுகளாகத் தேர்வு செய்யலாம், அவர் காரில் அதைக் குறைந்த கோட்டில் வைத்திருந்திருக்கிறார். அந்தக் காட்சி அவர் கண்ணுக்குச் சாதாரணமாகிவிட்டது.

ஒரு பயிற்சி சொல்கிறேன். முன் வண்டி ஒரு கம்பத்தையோ பாலத்து நிழலையோ தாண்டும் நொடியில் எண்ணத் தொடங்குங்கள். நீங்கள் அதைத் தாண்டும்போது குறைந்தது இரண்டு நொடி ஆகியிருக்க வேண்டும். மணிக்கு 100 கிலோமீட்டரில் ஒரு நொடிக்குக் கிட்டத்தட்ட 28 மீட்டர் போகிறோம், இரண்டு நொடி என்றால் 55 மீட்டருக்கு மேல். மழையில் இன்னும் கூட்டிக்கொள்ளுங்கள். தினமும் பத்துத் தடவை எண்ணுங்கள். ஒரு மாதத்தில் எண்ணாமலே தெரியும்.

#10 பழைய ஸ்டீயரிங்

தேன்மொழி அம்மா சொன்ன இடைவெளி விஷயத்தில் நான் ஒரு உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆரம்பத்தில் நீளமான இடைவெளியில்தான் வைத்திருந்தேன். அந்த இடத்தில் கார்கள் வந்து நுழைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொன்று நுழையும்போதும் லாரி தானே வேகம் குறைத்துப் பின்வாங்கும். பின்னால் வருகிறவன் ஹார்ன் அடிப்பான். மூன்று மாதத்தில் ஒவ்வொரு கோடாகக் குறைத்துக் கடைசிக் கோட்டுக்கு வந்துவிட்டேன். 40 டன் வண்டி. என் கையால் ஓட்டினால் அவ்வளவு நெருங்கிப் போகவே மாட்டேன். இந்த இழையைப் படித்த பிறகுதான், அதை நான் செய்யாமல் பொத்தானைச் செய்யவைத்தேன் என்பது உறைத்தது. நேற்று இரண்டு கோடு கூட்டினேன். நுழைகிறவன் நுழையட்டும்.

#11 ஐந்தாம்கியர்

என்னிடம் எதிர்த்திசையிலும் ஒரு மாற்றம். லேன் எச்சரிக்கை அடிக்கடி பொய்யாகக் கத்தும். பழைய கோட்டை அழித்துப் புதுக் கோடு போட்ட இடம், தார் ஒட்டுப் போட்ட கறை, எல்லாவற்றையும் கோடு என்று நினைக்கும். வேகப் பலகை படிக்கும் கேமராவும் அப்படித்தான். பக்கத்தில் பிரியும் சாலைக்கான 40ஐப் படித்துவிட்டு, நெடுஞ்சாலையில் போகும் என்னைப் பார்த்துக் கூவும். புலி வருது கதைதான். இப்போது எந்தப் பீப் அடித்தாலும் என் கை முதலில் அணைக்கத்தான் போகிறது, என்ன என்று பார்ப்பது அப்புறம்தான். ஒரு நாள் அடித்தது பின் கதவு சரியாக மூடவில்லை என்ற எச்சரிக்கை. உள்ளே என் மகள் உட்கார்ந்திருந்தாள்.

#12 மருதன்

ஐந்தாம்கியர் சொல்வதை ஏற்கிறேன், பொய் எச்சரிக்கைதான் பெரிய எதிரி. ஐரோப்பாவில் 2024 ஜூலையிலிருந்து விற்பனைக்குப் பதிவாகும் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் வேக வரம்பு உதவி கட்டாயம். அணைத்தாலும் அடுத்த முறை வண்டியை எடுக்கும்போது மறுபடி வந்துவிடும். பலகையைச் சரியாகப் படித்தால் நல்ல வசதி. தவறாகப் படித்தால், தினமும் ஏறியதும் அணைக்கும் பழக்கம்தான் வளரும்.

ஆனால் கவனம் சிதறும் பிரச்சினைக்குத் தீர்வும் தொழில்நுட்பத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். ஓட்டுகிறவரின் கண்ணைப் பார்க்கும் கேமரா. முதலில் வந்த கார்கள் ஸ்டீயரிங்கில் கை அழுத்தம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தன. கை இருந்தால் கவனம் இருப்பதாக அர்த்தமில்லை. கண் எங்கே போகிறது என்று பார்த்து, சாலையை விட்டு விலகினால் உடனே சொல்லும் கார் வந்தால் ரேடார்க்காரன் சொல்லும் பன்னிரண்டு மடங்கு குறையும்தானே?

#13 ரேடார்க்காரன்

குறையும். நானும் அதைத்தான் விரும்புகிறேன். ஆனால் இப்போதைய நிலை அங்கே இல்லை. 2024 மார்ச்சில் ஐஐஎச்எஸ் 14 பகுதித் தானியங்கி அமைப்புகளை, ஓட்டுகிறவரின் கவனத்தை எவ்வளவு உறுதி செய்கின்றன என்று சோதித்தது. ஒன்றே ஒன்றுதான் ஏற்கத்தக்கது என்ற தரத்தை எட்டியது. இரண்டு சுமார், 11 மோசம். முதல் தரம் ஒன்றுக்குமே கிடைக்கவில்லை.

இன்னொன்று, கண் சாலையில் இருந்தாலும் மனம் வேறு எங்காவது இருக்கலாம். பழைய ஸ்டீயரிங் அண்ணன் நினைவில்லாமல் ஓட்டிய அந்த ஏழெட்டுக் கிலோமீட்டரில் அவர் கண் திறந்துதான் இருந்திருக்கும்.

#14 நிலாவெளிச்சம்

இவ்வளவு நாள் படிக்க மட்டுமே வருவேன், முதல் முறையாக எழுதுகிறேன்.

நான் நர்ஸ். இரவுப் பணி முடிந்து 70 கிலோமீட்டர் ஓட்டி வீட்டுக்குப் போவேன். முன்பு, பணி முடிந்ததும் ஓய்வறையில் ஒன்றரை மணி நேரம் தூங்கிவிட்டுத்தான் கிளம்புவேன். அதில் நான் கறாராக இருந்தேன், கூட வேலை செய்தவர் ஒருவரை அப்படி ஒரு காலையில் இழந்திருக்கிறோம்.

புதுக் கார் வந்த பிறகு ஒரு நாள் மகனுக்குப் பள்ளியில் ஏதோ நிகழ்ச்சி, தூங்காமல் கிளம்பினேன். லேன் சென்ட்டரிங் பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். பார்த்துக்கொண்டது. அடுத்த வாரமும் அப்படியே. இப்போது அந்தத் தூக்கமே இல்லை. நேரே பார்க்கிங், நேரே சாலை.

நீங்கள் எல்லோரும் ஓட்டும்போது என்ன மாறியது என்று எழுதுகிறீர்கள். எனக்கு ஓட்டும்போது எதுவும் மாறவில்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில்தான், போனைத் தொடுவதில்லை. ஓட்டவே கூடாத நிலையில் ஓட்டக் கிளம்புகிறேன் என்பதுதான் மாறியது. #3ஐப் படித்தபோது அது என்னைப் பற்றி எழுதியது போல இருந்தது.

#15 பழைய ஸ்டீயரிங்

மகளே, அந்தத் தூக்கத்தை விடாதே. மற்றதெல்லாம் அப்புறம் பேசலாம். நான் லாரியில் இருந்து சொல்கிறேன், காலை ஐந்து முதல் ஏழு வரை சாலையில் பார்த்ததை இங்கே எழுத மனம் வரவில்லை. தூங்குகிறவன் கையும் ஸ்டீயரிங்கில்தான் இருக்கும்.

#16 ரேடார்க்காரன்

நிலாவெளிச்சம், நீங்கள் எழுதியது எந்தச் சென்சார் பதிவிலும் வராது. நாங்கள் வண்டி ஓடத் தொடங்கிய பிறகு நடப்பதைத்தான் அளந்துகொண்டிருந்தோம். எடுக்கலாமா வேண்டாமா என்று தீர்மானிக்கும் இடத்திலேயே வசதி நுழைந்துவிடுகிறது என்பதை எட்டு வருடத்தில் நான் ஒருமுறைகூட எண்ணிப் பார்த்ததில்லை. எழுதியதற்கு நன்றி. அண்ணன் சொன்னதைக் கேளுங்கள்.

#17 புதுலைசன்ஸ்

தேன்மொழி அக்கா சொன்னபடி இரண்டு வாரம் க்ரூஸ், லேன் சென்ட்டரிங் இல்லாமல் ஓட்டினேன். இடைவெளி எண்ணுகிறேன். முதல் நாள் என் இடைவெளி ஒரு நொடிகூட இல்லை! இப்போது இரண்டுக்கு வந்திருக்கிறது.

ஒரு கேள்வி. அதற்கு முன்பு லேன் சென்ட்டரிங் போட்டு ஓட்டியபோது ஒரு வளைவில் கோடு மறைந்து, வண்டி சத்தமில்லாமல் விட்டுவிட்டது. டேஷ்போர்டில் பச்சையாக இருந்த ஸ்டீயரிங் படம் சாம்பல் நிறமாக மாறியிருந்தது, அவ்வளவுதான். ஓரக் கோட்டுக்கு மேல் டயர் ஏறிய பிறகுதான் பிடித்தேன். இது கோளாறா?

#18 ரேடார்க்காரன்

கோளாறு இல்லை, பல கார்கள் அப்படித்தான் செய்கின்றன. கேமராவுக்குக் கோடு தெரியாவிட்டால் அமைப்பு விலகிக்கொள்ளும். சில கார்களில் சத்தம் வரும், சிலவற்றில் நிறம் மட்டும் மாறும். விலகியதைச் சொல்லவே ஒரு பெரிய சத்தம் இருக்க வேண்டும் என்று வேலையில் இருந்தவரை சண்டை போட்டிருக்கிறேன். அடிக்கடி சத்தம் வந்தால் வாங்குகிறவர்கள் புகார் செய்வார்கள் என்றார்கள்.

பொறுப்பைத் திரும்ப வாங்க மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று பிரிட்டனில் நிஜமாக ஓட்டுவது போலவே இருக்கும் சிமுலேட்டர் கருவியில் சோதித்து 2017ல் வெளியிட்டார்கள். அவசரம் இல்லாத சூழலில் 1.9 நொடியில் எடுத்தவரும் உண்டு, 25.7 நொடி எடுத்தவரும் உண்டு. கண்ணை எடுக்க அனுமதிக்கும் மூன்றாம் நிலைத் தானியங்கிக்கு ஐ.நா. விதியே 10 நொடி முன்னறிவிப்புக் கேட்கிறது. நம் கையில் இருக்கும் இரண்டாம் நிலைக் கார் ஒரு நொடிகூடத் தர வேண்டியதில்லை, ஏனென்றால் நாம் எப்போதும் தயாராக இருக்கிறோம் என்பது அதன் அடிப்படை.

இன்னொன்றும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலை வேகத்தில், அசையாமல் நிற்கும் வண்டியைப் பல க்ரூஸ் அமைப்புகள் கண்டுகொள்ளாமல் போகலாம். ரேடாருக்கு நிற்கும் லாரியும் பாலத்துத் தூணும் பலகையும் ஒன்றுபோலத் தெரியும். எல்லாவற்றுக்கும் பிரேக் போட்டால் ஓட்டவே முடியாது என்பதால் நிற்பவற்றை ஒதுக்கி வைப்பார்கள். கையேட்டில் எழுதியிருக்கும், எடுத்துப் பாருங்கள். உங்கள் முன்னால் போகும் கார் சட்டென்று தடம் மாறி, அதற்கு முன்னால் ஒரு வண்டி நின்றுகொண்டிருந்தால், அந்த இடத்தில் உங்கள் கால்தான் வேலை செய்ய வேண்டியிருக்கும்.

#19 நிலாவெளிச்சம்

மூன்று இரவுப் பணி முடிந்தது. மூன்று நாளும் தூங்கிவிட்டுக் கிளம்பினேன். அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

#20 சாலைப்பறவை

நிலாவெளிச்சம், படித்ததும் நிம்மதியாக இருந்தது.

நான் செய்துகொண்டிருப்பதைச் சொல்கிறேன். தடம் மாறும்போது முதலில் கண்ணாடி, அடுத்து தோளுக்கு மேல், கடைசியில்தான் விளக்கு. வரிசையைத் தலைகீழாக்கினேன், அவ்வளவுதான். முதல் நாள் இருபது தடவையில் பதினொரு தடவை மறந்தேன். நேற்று இரண்டு தடவை. அதில் ஒருமுறை கழுத்தைத் திருப்பியபோது, விளக்கு இன்னும் எரியாத தூரத்தில் வேகமாக வந்துகொண்டிருந்த ஒரு காரைப் பார்த்தேன்.

இன்று இன்னொரு விஷயம். தம்பி தன் காரை விற்றுவிட்டான், இரண்டு வாரத்துக்கு என் காரைக் கேட்கிறான். இந்த வசதிகளை அவன் தொட்டதே இல்லை. சாவி கொடுக்கும்போது என்ன சொல்லிக் கொடுப்பது? எல்லாவற்றையும் சொன்னால் எதையும் நினைவில் வைக்க மாட்டான்.

#21 பழைய ஸ்டீயரிங்

எங்கள் டிப்போவில் புதுப் பையன்களுக்கு நான் சொல்வது இரண்டுதான். எப்படிப் போடுவது என்று காட்டமாட்டேன், அதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். நிற்கும் வண்டியில் உட்கார வைத்து, போட்டிருந்தால் எந்த நிறம், விட்டுவிட்டால் எந்த நிறம் என்று மட்டும் காட்டுவேன். அடுத்து காலி ரோட்டில் க்ரூஸ் போடச் சொல்லி, நான் சொல்லும்போது பிரேக்கைத் தொட்டு வெட்டச் சொல்வேன். பத்துத் தடவை. கால் இடம் பழகிவிடும்.

#22 தேன்மொழி

அதோடு, அவர் எடுத்துப் போகும் முதல் நாள் இடைவெளியை நீளமான கோட்டில் வைத்துக் கொடுங்கள். பலர் இருக்கும் அமைப்பை மாற்றுவதே இல்லை. லேன் சென்ட்டரிங்கை அணைத்தே கொடுங்கள்.

#23 சாலைப்பறவை

சரி. மாலை ஆறு மணிக்கு வருகிறான். பக்கத்துக் காலி மைதானத்துக்கு முதலில் கூட்டிப்போகிறேன், பச்சை, சாம்பல், பத்துத் தடவை பிரேக். கண்ணாடி மூலையில் எரியும் அந்த ஆரஞ்சு விளக்கைப் பற்றி மட்டும் கடைசி வரை வாயைத் திறக்கப் போவதில்லை. அவன் இன்னும் கழுத்தைத் திருப்பிப் பார்க்கிறான்.